கழன்று ஆடும் சைடு ஸ்கர்ட்டையும் பீடிங்கையும் திரும்ப ஒட்டுவது: பழைய எம்எக்ஸ்-5 வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

என்னிடம் இருப்பது 2001-ஆம் வருட மஸ்டா எம்எக்ஸ்-5, துணிக் கூரையை மடித்துத் திறக்கிற சின்ன ஸ்போர்ட்ஸ் கார். இரண்டாம் தலைமுறை, இங்கிலாந்து ரோட்டு உப்பைத் தின்றே வளர்ந்த வண்டி. வாங்கும்போதே இடது சைடு ஸ்கர்ட்டின் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பிளாஸ்டிக் பட்டை) பின்முனை விரல் நுழையும் அளவுக்கு விலகி நின்றது. டிரைவர் கதவு பீடிங், அதாவது கதவின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் அலங்காரப் பட்டை, மோட்டர்வேயில் 60 மைல் தாண்டினால் படபடவென்று அடிக்கும். முந்தின ஓனர் அதற்குப் பார்த்த வைத்தியம் சிலிக்கான். நான் பார்த்த முதல் வைத்தியம் சூப்பர் குளூ, அது இன்னும் மோசம்.

மூன்றாவது தடவை ஒட்டியதுதான் நின்றது. அதற்கப்புறம் நண்பர்கள் சிலருடைய வண்டிகளில் கூட நின்று செய்திருக்கிறேன், எல்லோரும் தடுக்கி விழுவது ஏறக்குறைய அதே நாலு இடத்தில்தான். ஒட்டுகிற வேலை பத்து நிமிஷம். அதற்கு முந்தின வேலை முழு நாள், அந்த முந்தின வேலையில் எது முன்னால் எது பின்னால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 80களிலிருந்து 2000களின் நடுப்பகுதி வரை வந்த எந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் முறை இதேதான், கிளிப்பின் வடிவம் மட்டும் மாறும்.

1. எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

கழன்ற முனையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு டார்ச், ஒரு பழைய பிளாஸ்டிக் கார்டு. கார்டை இடுக்கில் விட்டு மெதுவாக நகர்த்துங்கள். மெத்தென்று தடுத்தால் பஞ்சு டேப் (இரண்டு பக்கமும் ஒட்டும் ஃபோம் டேப்), டக்கென்று கட்டியாகத் தடுத்தால் கிளிப்போ ஸ்க்ரூவோ.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கதவு பீடிங் பெரும்பாலும் வெறும் டேப்பில்தான் நிற்கும், ஆனால் சைடு ஸ்கர்ட் அப்படியில்லை. என் வண்டியில் மேல் விளிம்பு டேப், அடி விளிம்பு பிளாஸ்டிக் கிளிப், சக்கர வளைவுப் பக்கம் ஒரு ஸ்க்ரூ. டேப்தான் போயிருக்கிறது என்று நினைத்து இழுத்தால் 20 வருஷம் வெயில் குடித்த பிளாஸ்டிக்கின் காது உடைந்து கையோடு வரும். அந்தக் காது தனியாகக் கிடைக்காது, முழு ஸ்கர்ட்டையும் தேட வேண்டும்.

ஒரு முனை மட்டும் கழன்றிருந்தாலும் முழு பீஸையும் கழற்றித்தான் ஆக வேண்டும். முனையில் மட்டும் டேப் திணிப்பது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. உள்ளே கை போகாத இடத்தில் துடைக்க முடியாது, துடைக்காத இடத்தில் எதுவும் ஒட்டாது, மீதியிருக்கும் பழைய டேப்பும் அதே வயசுதான்.

2. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

பஞ்சு டேப் முக்கியம். கடையில் டபுள் சைடு டேப் என்று கேட்டால் போஸ்டர் ஒட்டுகிற வெள்ளை டேப்பைத் தருவார்கள், அது இரண்டு மழைக்குத் தாங்காது. வேண்டியது அக்ரிலிக் பஞ்சு டேப். நான் பயன்படுத்துவது 3எம் விஎச்பி 5952, கறுப்பு நிறம், 1.1 மி.மீ. தடிமன். அகலம் 12 மி.மீ. ஒரு ரோல், ஒடுக்கமான இடங்களுக்கு 6 மி.மீ. ஒரு ரோல்.

தடிமனை ஏன் பார்க்க வேண்டும் என்றால், சில பீடிங்கின் பின்புறம் டேப்புக்கென்றே ஒரு பள்ளம் இருக்கும். டேப் அந்தப் பள்ளத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் விளிம்பு பாடியில் முட்டும், டேப் பாடியைத் தொடவே தொடாது. பழைய டேப்பில் கசங்காத ஒரு துண்டை அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

மற்றபடி: ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், டேப் பசை நீக்கும் திரவம், பிளாஸ்டிக் நெம்பிகள், தங்கூஸ் நரம்பு, ஹேர் டிரையர், நல்ல மாஸ்கிங் டேப், இதுவரை பயன்படுத்தாத புது மைக்ரோஃபைபர் துணி நாலைந்து, ரப்பர் உருளை, டிரில்லில் மாட்டுகிற அழிரப்பர் சக்கரம். பிளாஸ்டிக் வகையைப் பொறுத்துப் பிரைமர், அதை 9-இல் சொல்கிறேன். புது கிளிப்புகளை வேலை தொடங்கும் முன்பே வாங்கி வையுங்கள். பழையதில் பாதி உடையும் என்று வைத்துக்கொண்டு எண்ணுங்கள்.

துணி புதிதாக இருக்க வேண்டும் என்பதை யாரும் கேட்பதில்லை. வீட்டில் துவைத்த துணியில் ஃபேப்ரிக் சாஃப்ட்னர் இருக்கும், வண்டி துடைக்கிற துணியில் பாலிஷ் இருக்கும். இரண்டும் பரப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலத்தைப் பூசிவிட்டுப் போகும்.

3. நாளும் இடமும்

இந்த டேப்பை ஒட்டும்போது பாடியும் பிளாஸ்டிக்கும் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கக் கூடாது, 21 முதல் 38 வரை இருந்தால் உத்தமம். குளிரில் அந்தப் பசை இறுகிப்போய், பெயிண்டின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் பாய மறுக்கிறது. காற்றின் சூட்டைச் சொல்லவில்லை, இரும்பின் சூட்டைச் சொல்கிறேன். வெயில் வந்த பிறகும் கதவுத் தகடு ஒரு மணி நேரம் ஜில்லென்றுதான் இருக்கும்.

நவம்பர் மாதம் ஒரு தம்பி, ஆபீஸ் முடிந்து இரவு எட்டு மணிக்கு டிரைவ்வேயில் நின்று ஒட்டினார். மறுநாள் காலையில் போன்: "அண்ணா, நைட்டு கல்லு மாதிரி நின்னுச்சு, இப்ப கையோட வருதுண்ணா." ஒட்டும்போது வெளியே 6 டிகிரி. தகட்டின் மேல் பனி ஈரம் வேறு படிந்திருந்திருக்கும், இருட்டில் தெரிந்திருக்காது.

கராஜ் இல்லாதவர்கள் மே முதல் செப்டம்பர் வரை ஒரு வறண்ட மத்தியானத்தைத் தேர்ந்தெடுங்கள், வண்டி முந்தின நாளே கழுவிக் காய்ந்திருக்கட்டும். சூடான ஊரில் இருப்பவர்களுக்கு எதிர்ச் சிக்கல், வெயிலில் நின்ற கறுப்புக் கதவைத் தொடவே முடியாது, ஆல்கஹால் துடைப்பதற்குள் ஆவியாகிவிடும். நிழலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

4. கழற்றும் முன் குறி போடுங்கள்

அதிகம் பேர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான், விட்ட பிறகு திரும்பிப் போக வழியும் இல்லை. பீடிங் இப்போது இருக்கிற இடத்தின் மேல் விளிம்பை ஒட்டி, முழு நீளத்துக்கும் பாடியில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இரண்டு முனைகளிலும் செங்குத்தாக ஒரு துண்டு. அந்தக் குறிதான் பின்னால் உங்களுக்குத் தண்டவாளம்.

கழன்ற முனை ஏற்கெனவே தொங்கிப்போயிருக்கும், அதை வைத்துக் குறி போட்டால் தொங்கலையே நகல் எடுப்பீர்கள். நன்றாக ஒட்டியிருக்கும் பகுதியிலிருந்து கோட்டை நீட்டுங்கள். எதிர்ப் பக்கத்தில் பீஸ் சரியாக இருந்தால் கதவின் அடி விளிம்பிலிருந்து மூன்று இடங்களில் உயரத்தை அளந்து இந்தப் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். கழுவிய வண்டியில் பீடிங் இருந்த நிழல் பெயிண்டிலேயே தெரியும், சுற்றியுள்ள பெயிண்ட் வெளுத்திருக்கும். அது நல்ல வழிகாட்டிதான், ஆனால் முந்தின ஓனர் ஒரு தடவை ஒட்டியிருந்தால் இரண்டு நிழல்கள் இருக்கும். எனக்கு இருந்தது. எது கம்பெனி நிழல் என்று எதிர்ப் பக்கத்தை அளந்துதான் முடிவு செய்தேன்.

அப்புறம் ஃபோட்டோ. கிட்டே நின்று நாலு, பத்தடி தள்ளி நின்று இரண்டு.

5. கழற்றுதல்

ஸ்க்ரூ முதலில், கிளிப் அடுத்து, டேப் கடைசி. மாற்றிச் செய்தால் டேப் விட்ட பக்கம் பீஸ் தொங்கி, அதன் முழு எடையும் கிளிப் காதுகளில் ஏறும். சக்கர வளைவில் இருக்கும் ஸ்க்ரூ துருப்பிடித்துத்தான் இருக்கும், முந்தின நாள் ராத்திரியே அதன் மேல் ஊடுருவு எண்ணெய் அடித்து வையுங்கள். பாடியில் எண்ணெய் வழிந்த இடத்தை நினைவில் வையுங்கள், பின்னால் இரண்டு மடங்கு துடைக்க வேண்டியது அங்கேதான்.

டேப் பகுதியை ஹேர் டிரையரால் ஒரு அடி ஒரு அடியாகச் சூடாக்குங்கள். கையை வைத்தால் நல்ல சூடு, ஆனால் எடுக்கத் தேவையில்லை என்ற அளவு போதும். ஹீட் கன் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், என்னிடமும் இருக்கிறது, ஆனால் முதல் தடவை செய்பவர் கையில் அது பீடிங்கை அப்பளமாக்கிவிடும்.

சூடான பகுதிக்குப் பின்னால் தங்கூஸ் நரம்பை விட்டு, ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே போங்கள். பஞ்சு நடுவில் அறுபடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் தகடு குழியும், பெயிண்ட் செதிலாகப் போகும். நரம்பை இரண்டு மரக்குச்சிகளில் சுற்றிக்கொள்ளுங்கள், விரல் அறுக்காது.

அந்தப் பேனல் எப்போதாவது டிங்கரிங் செய்து திரும்பப் பெயிண்ட் அடித்ததா என்று முன்பே பாருங்கள். கதவு ரப்பரின் ஓரத்தில் பெயிண்ட் தூவல் இருந்தாலோ, பக்கத்துப் பேனலைவிடப் பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி இருந்தாலோ சந்தேகப்படுங்கள். சரியாகப் பிடிக்காத மறுபெயிண்ட் டேப்போடு சேர்ந்து உரிந்து வரும். அப்படிப்பட்ட இடத்தில் நிதானம் மட்டும்தான் மருந்து, நரம்பைத் தகட்டுப் பக்கம் போகவிடாமல் பிளாஸ்டிக் பக்கமாகவே ஓட்டுங்கள்.

லோகோவும் எழுத்துகளும் இதே முறைதான், நரம்புக்குப் பதில் பல் இடுக்கு நூல் போதும். நூல் ஒரு இடத்தில் கட்டியாக நின்றால் பின்னால் ஊசி மாதிரி முளை இருக்கிறது என்று அர்த்தம். அங்கே அறுக்கப் பார்க்காமல் சுற்றிலும் அறுத்துவிட்டு நேராக வெளியே எடுங்கள்.

6. பின்னால் என்ன இருக்கிறது

எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் இங்கே நின்று மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். இந்த வண்டியின் பின் சில் பகுதி, அதாவது கதவுக்குக் கீழே பின் சக்கரத்தை ஒட்டிய இடம், துருவுக்குப் பேர்போனது. சாஃப்ட் டாப்பின் அடியில் சேரும் மழைத்தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள வடிகுழாய் வழியாகக் கீழே போக வேண்டும். அதில் இலை, மண் அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி, சில் உள்ளிருந்து வெளியே அழுகும். ஸ்கர்ட் அதை அழகாக மூடிவைத்திருக்கும்.

என் ஸ்கர்ட்டின் பின்முனை விலகி நின்றதற்கு டேப் காரணமே இல்லை. பின்னால் துரு ஊதிப் பெயிண்டைத் தள்ளியிருந்தது. பெயிண்ட் தகட்டை விட்டுப் போயிருந்தது, டேப் பெயிண்டை விடவில்லை. எடுத்துப் பார்த்தபோது டேப்பின் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தது, அதன் அடிப்பக்கம் செங்கல் நிறத்தில் பொடி. எத்தனை விலை உயர்ந்த டேப் வாங்கியிருந்தாலும் அந்தப் பொடியின் மேல் என்ன செய்யும்?

விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். கிணுக்கென்று சத்தம் வந்தால் மேல்துருதான்: சுரண்டி, துருவை மாற்றும் திரவமோ எபாக்சி பிரைமரோ போட்டு, பெயிண்ட் அடித்து, அது முழுசாக உலர்ந்த பிறகு ஒட்டலாம். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும் பெயிண்டின் உள்ளே கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும், அதன் மேல் ஒட்டினால் டேப் அடியில் கொப்புளம் வரும். டப்பாவில் எழுதியிருக்கிற முழு உலர் நேரத்தைப் பாருங்கள், ஒரு வாரம் விட்டால் இன்னும் நல்லது. சத்தம் மந்தமாக இருந்தாலோ தகடு அமுங்கினாலோ வேலையை நிறுத்துங்கள். அது வெல்டிங், எம்ஓடி டெஸ்ட் (இங்கிலாந்தில் வருஷா வருஷம் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை) விஷயம். ஸ்கர்ட்டை ஒட்டி மூடுவது நோயை மூடுவதுதான்.

நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, ஒரு லிட்டர் தண்ணீரை சீட்டுக்குப் பின்னால் வடிகுழாய் வாயில் மெதுவாக ஊற்றுங்கள். பின் சக்கரத்துக்கு முன்னால் கீழே ஒழுக வேண்டும். ஒழுகாவிட்டால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

7. பழைய பசையை எடுத்தல்

ரொம்ப நேரம் பிடிப்பது இது, ரொம்பப் பேர் குறுக்குவழி தேடுவதும் இதில்தான். பழைய டேப்பின் மேலேயே புது டேப் ஒட்டலாமா என்று கேட்காத ஆளே இல்லை. ஒட்டலாம், பழைய பஞ்சு நடுவில் கிழிந்து புது டேப்போடு கழன்று வரும்.

பாடியில் உள்ள பஞ்சைக் கட்டைவிரலால் உருட்டி முடிந்தவரை எடுத்துவிட்டு, மீதிக்கு அழிரப்பர் சக்கரம். டிரில்லைக் குறைந்த வேகத்தில் வையுங்கள், சக்கரம் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, உராய்வுச் சூடு பெயிண்டைக் கருக்கும். ஃபேக்டரி பெயிண்டில் இது பாதுகாப்பானதுதான், சமீபத்தில் அடித்த பெயிண்டில் வேண்டாம். பிளாஸ்டிக்கில் வேண்டவே வேண்டாம், உருகிக் கோடு விழும். பீடிங்கின் பின்புறத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியாலும் பசை நீக்கியாலும் கையால்தான் எடுக்க வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம், ஆனால் திரவத்தின் நாற்றத்துக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பெட்ரோல், தின்னர் இரண்டையும் தூரத்தில் வையுங்கள். தின்னர் பெயிண்டையும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையும் மென்மையாக்கும், பெட்ரோல் எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும்.

முந்தின ஆள் சிலிக்கான் போட்டிருந்தால் உங்களுக்கு என் அனுதாபம். புளித்த காடி மாதிரி வாசம் வரும் சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது, பெயிண்ட் விட்ட இடத்தில் அது துருவை வளர்க்கும். அதைவிடப் பெரிய தொல்லை, சிலிக்கான் படலத்தின் மேல் டேப்பும் ஒட்டாது, பெயிண்டும் ஒட்டாது. துடைத்தால் போகாது, பரவும். முதலில் சுரண்டி எடுங்கள், அடுத்து சிலிக்கான் நீக்கி, அதற்கப்புறமும் துணியை மாற்றி மாற்றி இரண்டு சுற்று. தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள், படலமாகப் பரவினால் சுத்தம், முத்து முத்தாக நின்றால் இன்னும் ஏதோ இருக்கிறது. மெழுகு பூசிய வண்டியிலும் முத்துதான் நிற்கும், அதுவும் போக வேண்டியதுதான்.

கழற்றிய பீடிங்கைப் பளபளப்பாக்கி வைக்கலாம் என்று டிரிம் டிரெஸ்ஸிங் பூசி வைக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நிறையவற்றில் சிலிக்கான் எண்ணெய்தான். ஒட்டி முடித்து மூன்று நாள் கழித்துப் பூசிக்கொள்ளுங்கள்.

8. வளைந்த பீஸை நேராக்குங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, என்னுடைய இரண்டாவது முயற்சி தோற்றதே இதனால்தான். எல்லாம் சுத்தமாகச் செய்திருந்தேன், ஆறு வாரத்தில் அதே முனை திரும்பக் கிளம்பியது.

பஞ்சு டேப்பைப் பக்கவாட்டில் இழுத்தால் மலை மாதிரி நிற்கும். விளிம்பிலிருந்து தோல் உரிப்பது போலத் தூக்கினால் அதன் பலம் மளமளவென்று குறையும். மாதக்கணக்கில் விலகி நின்ற முனை அந்த வளைவையே தன் வடிவமாக்கிக்கொண்டிருக்கும். அதை அமுக்கி ஒட்டினால், ராத்திரி பகல் ஓய்வில்லாமல் டேப்பை விளிம்பிலிருந்து உரித்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே, டேப் போடும் முன் பீஸைப் பாடியில் வெறுமனே வைத்துப் பாருங்கள். இரண்டு விரலால் நடுவில் லேசாகப் பிடித்தால் முனைகள் தானாகப் பாடியைத் தொட வேண்டும். தொடாவிட்டால் கை வைக்க முடியாத சூடு வரும் வரை ஹேர் டிரையரால் பின்புறமிருந்து சூடாக்கி, நேர்க்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் கொஞ்சம் வளைத்து, ஆறும் வரை அப்படியே பிடியுங்கள். விட்டால் பாதி திரும்பும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். முனை பாடியை நோக்கி இம்மியளவு வளைந்திருந்தால் இன்னும் நல்லது. மெட்டல் பீடிங்கை முழங்காலில் வைத்து வளைக்காதீர்கள், மடிப்பு விழும், ஒரு மரக்கட்டையின் மேல் துணி போட்டுச் சிறிது சிறிதாக அழுத்துங்கள்.

9. எந்த பிளாஸ்டிக் என்று படியுங்கள்

பீஸின் பின்புறம் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் என்றால் கவலையில்லை, டேப் நன்றாகப் பிடிக்கும். பிபி, அல்லது பிபி-யோடு இபிடிஎம் என்றால் அது பாலிபுரோப்பிலின் குடும்பம், பரப்பு ஆற்றல் குறைவு, தாமரை இலை மேல் தண்ணீர் மாதிரி பசை நிற்காது. அதற்குத்தான் பிரைமர், 3எம் பிரைமர் 94 மாதிரி ஏதாவது ஒன்று.

பிரைமரை டேப் உட்காரும் கோட்டில் மட்டும், பிளாஸ்டிக்கில் மட்டும், ஒரே ஒரு மெல்லிய பூச்சு. தடிமனாகப் பூசினால் அதிகம் பிடிக்கும் என்று நினைத்து இரண்டு பூச்சு போடுகிறார்கள், அந்தப் படலமே நடுவில் பிளந்துவிடும். பாடியில் சிந்தினால் பெயிண்டில் கறை விழும். ஐந்து நிமிஷம் காயவிட்டு டேப் போட்டுவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளினால் தூசி உட்காரும். மெத்தென்ற வினைல் பீடிங் இன்னொரு ரகம், அதனுள்ளிருக்கும் மென்மையாக்கும் எண்ணெய் வருஷக்கணக்கில் கசிந்து பசையைக் குழைத்துவிடும். பழைய டேப் கோந்து மாதிரி ஒழுகியிருந்தால் அதுதான் காரணம்.

10. கிளிப்புகள்

கிளிப் பீஸை இடத்தில் நிறுத்துவதற்கு, டேப் பிடித்துக்கொள்வதற்கு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மற்றது சீக்கிரம் போகும். பாடியில் உள்ள ஓட்டையின் ஓரத்தைப் பாருங்கள், பெயிண்ட் போயிருந்தால் தொட்டு வைத்துக் காயவிடுங்கள், கிளிப் மாட்டும்போது துளி கிரீஸ் தடவுங்கள். கிரீஸ் டேப் பாதைக்கு வந்துவிடக் கூடாது.

கிளிப் ஓட்டையில் லொடலொடவென்று ஆடினால் அளவு தவறு. ஆடுகிற கிளிப்பைச் சிலிக்கானால் அடைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அரை மி.மீ. பெரிய கிளிப் வாங்குங்கள், காசு கொஞ்சம்தான்.

11. பீஸில் டேப் போடுதல்

எப்போதும் டேப் பீஸின் மேல்தான், பாடியின் மேல் அல்ல. பீஸை மேஜையில் வைத்து நிதானமாகச் செய்யலாம், தவறினால் உரித்துவிட்டுத் திரும்பப் போடலாம்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து துடைத்து, காய்ந்த துணியால் உடனே எடுங்கள். ஆல்கஹால் 70 பங்கு வரை போகலாம். ஒரே திசையில் துடையுங்கள், முன்னும் பின்னும் தேய்த்தால் அழுக்கு இடம் மாறும், போகாது.

டேப்பை இழுத்து ஒட்டாதீர்கள். நீட்டி ஒட்டிய டேப் பின்னால் சுருங்கி முனைகளிலிருந்து விலகும். விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே தள்ளி, மேல் பக்கம் முழு நீளத்துக்கும் ஒரே பட்டையாக, இடையில் வெட்டு இல்லாமல் ஓடட்டும். மேலிருந்து வரும் தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது. அடிப்பக்கம் அப்படியில்லை, அங்கே விரல் அகல இடைவெளிகள் விடுங்கள், எப்படியும் உள்ளே போகும் தண்ணீர் வெளியே வர வேண்டுமே. சைடு ஸ்கர்ட் என்றால் சில்லின் அடித் துளைகள் எதையும் டேப் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முனைகளில் மட்டும் பட்டையை அகலமாக்கி முழுப் பரப்பையும் நிரப்புங்கள். உரிவது எப்போதும் முனையில்தான் ஆரம்பிக்கிறது. போட்டு முடித்ததும், டேப்பின் வெளிப்பசையை மூடியிருக்கும் மேல் தாளோடு சேர்த்து உருளையால் நன்றாக அழுத்துங்கள்.

12. ஒத்திகை, பிறகு ஒட்டுதல்

மேல் தாளை இரண்டு முனைகளிலும் நாலு விரல் அளவு உரித்து, 90 டிகிரி மடித்து வெளியே வால் மாதிரி தொங்கவிடுங்கள். மடிப்பு நிற்க மாஸ்கிங் டேப் துண்டு. மீதித் தாள் அப்படியே இருக்கட்டும்.

பீஸைத் தண்டவாளக் குறிக்குக் கீழே தொட்டும் தொடாமல் பிடித்து ஒரு ஒத்திகை பாருங்கள். ஸ்கர்ட் என்றால் கிளிப்புகள் ஓட்டைக்கு நேராக வருகின்றனவா, ஸ்க்ரூ துளை பொருந்துகிறதா. கதவு பீடிங் என்றால் கதவைத் திறந்து மூடி, முன் ஃபெண்டர் பீஸோடு முட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு நண்பர் இதை விட்டுவிட்டு அழகாக ஒட்டி முடித்தார், கதவைத் திறந்ததும் பீடிங்கின் முனை ஃபெண்டர் ஓரத்தில் சறுக்கென்று இழுத்தது, புதுக் கீறல். மூன்று மி.மீ. பின்னால் தள்ளியிருந்தால் போதும்.

ஒத்திகை சரியென்றால் பாடியைக் கடைசியாக ஒரு தடவை ஆல்கஹாலால் துடையுங்கள். இந்தத் துடைப்புக்கும் ஒட்டுவதற்கும் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது, விரல் ரேகைகூட. டீ குடிக்கப் போனால் வந்து திரும்பத் துடைக்க வேண்டும். தகடு குளிர்ந்திருந்தால் டிரையரால் வெதுவெதுப்பாக்குங்கள்.

ஸ்கர்ட்டில் கிளிப்புகளைப் பாதி நுழைத்து, ஸ்க்ரூவை இரண்டு சுற்று மட்டும் பிடியுங்கள். பீஸ் இடத்தில் நிற்கும், ஆனால் இழுபடாது. முழுசாக முடுக்கிவிட்டு ஒட்டினால் அந்த இழுவிசை டேப்பில் தங்கிவிடும். கதவு பீடிங்குக்கு இரண்டாவது ஆள் வேண்டும், ஒருவர் பிடிக்க ஒருவர் இழுக்க.

உரித்து வைத்த முனைகளைக் குறியோடு சேர்த்து லேசாகத் தொடவிடுங்கள். பத்தடி தள்ளிப் போய்ப் பாருங்கள், கிட்டே நின்றால் எல்லாமே நேராகத்தான் தெரியும். கோணல் என்றால் இப்போது மட்டும்தான் எடுக்க முடியும். சரியென்றால் வாலைப் பிடித்துத் தாளை பீஸுக்கு இணையாக, மெதுவாக, ஒரே சீராக உருவுங்கள். வெளிப்பக்கம் இழுத்தால் தாள் அறுந்து உள்ளே மாட்டிக்கொள்ளும், அதை எடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

ஸ்டிக்கர் ஒட்டுகிற மாதிரி சோப்புத் தண்ணீர் தெளித்து நகர்த்தி நகர்த்தி ஒட்டலாமே என்பார்கள். வினைல் ஸ்டிக்கருக்கு அது சரி. தடித்த பஞ்சுக்கு அடியில் மாட்டிய தண்ணீர் எங்கே போகும்?

13. அழுத்தமும் மூன்று நாளும்

சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் வேண்டும். உள்ளங்கையால் தட்டுவது அதில் கால்வாசிகூட வராது, எடை பரவிவிடும். உருளையை எடுத்து, நடுவிலிருந்து முனைகளை நோக்கி, டேப் ஓடும் கோட்டின் மேலேயே அழுத்தி ஓட்டுங்கள். எம்எக்ஸ்-5 கதவுத் தகடு மெல்லிசு, நடுப்பகுதி உள்ளே போய் வந்தால் உடம்பு எடையைப் போடாதீர்கள், கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அமுக்குங்கள். அதன்பின் கிளிப்புகளை முழுசாக நுழைத்து, ஸ்க்ரூவை முடுக்கலாம்.

அறைச் சூட்டில் இந்த டேப் 20 நிமிஷத்தில் பாதி பலம் பெறும், 24 மணி நேரத்தில் 90 சதவீதம், முழுப் பலத்துக்கு 72 மணி நேரம். குளிரில் இது இன்னும் நீளும். முனைகளுக்குக் குறுக்கே மாஸ்கிங் டேப் போட்டு ஒரு நாள் விட்டு வையுங்கள். இழுத்துக் கட்டத் தேவையில்லை, கிளம்பாமல் பார்த்துக்கொண்டால் போதும். அன்றைக்கே மோட்டர்வேயில் டெஸ்ட் ஓட்டும் ஆசை வரும். அதைவிட மோசமான ஆசை, நகத்தால் முனையைக் கிளப்பிப் பார்ப்பது. நின்றிருக்கிறதா என்று பார்க்கவே தூக்கி, நின்றதைக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும், அதில் ஒருவன் நான்.

மூன்று நாள் வண்டி கழுவ வேண்டாம். அதற்கப்புறமும் பிரஷர் வாஷரை பீடிங்கின் விளிம்புக்கு நேராகக் கிட்டே பிடிக்காதீர்கள், ஒரு மீட்டர் தள்ளி மேலிருந்து கீழாக. நாலாவது நாள் அதே பழைய பிளாஸ்டிக் கார்டை எடுத்து, மேல் விளிம்பில் தொட்டபடி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டுங்கள். எங்காவது 2 மி.மீ.க்கு மேல் உள்ளே போனால் அந்த இடத்தைச் சூடாக்கி, உருளையால் திரும்ப அழுத்தி, இன்னொரு நாள் விடுங்கள். இரண்டாவது தடவையும் அதே இடத்தில் போனால் 8-க்குத் திரும்பிப் போக வேண்டும், பீஸ் இன்னும் வளைந்திருக்கிறது.